போஸ்த்: ஒரு காவலிடம் வானொலிப் பெட்டியான கதை

பிரான்சில் வயதில் மூத்தவர்கள் சிலர் இன்றும் வானொலியில் கேட்ட செய்தியைச் சொல்லும்போது 'தாங் லெ போஸ்த்' என்பார்கள். 'போஸ்த்துக்குள்ளே' என்று பொருள். வானொலியில் பேசப் போகிறவரை 'போஸ்த்துக்குள்ளே கதையளக்கப் போகிறார்' என்று கிண்டலடிக்கும் வழக்கும் உண்டு. பிற்பாடு தொலைக்காட்சி வந்தபோது அதுவும் இந்தப் பெயருக்குள் அடங்கியது. 'போஸ்த்தைப் போடு' என்றால் எந்தப் பெட்டி என்பதை வீட்டுக்காரர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் பிரெஞ்சு அகராதியில் இந்தச் சொல்லைத் தேடினால் வானொலி பட்டியலின் கடைசிப் பக்கம்தான் வரும். அதற்கு முன்னால் காவலர் நிற்குமிடம், எல்லைச் சாவடி, காவல் நிலையம், முதலுதவி நிலையம், கட்டடச் சுவரில் தீயணைப்புக் குழாய் பொருத்திய மாடம், ரயில்வே கேபின், விமானி உட்காரும் அறை, அரசு உத்தியோகம், அலுவலகத் தொலைபேசியின் உள் இணைப்பு என்று ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. இவை எல்லாமே லெ போஸ்த், ஆண்பால். எழுத்து மாறாமல் பெண்பாலாக்கி லா போஸ்த் என்றால் அது தபால். ஒலி தருகிற ஒரு பெட்டிக்கும் காவல் சாவடிக்கும் என்ன உறவு? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால், வானொலி பிரெஞ்சுக்காரர்களின் வீட்டுக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதும் சேர்ந்தே விளங்குகிறது.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'போனெரெ' என்றால் வைப்பது. வைக்கப்பட்டது 'போசிதும்'. வாய்ப்பேச்சில் நடு உயிர் தேய்ந்து, இத்தாலிய மொழியில் அது ஆண்பாலில் 'போஸ்தோ', பெண்பாலில் 'போஸ்தா' ஆயிற்று. பிரெஞ்சும் லத்தீனின் பிள்ளைதானே, அங்கே 'போனெரெ' நேர்வழியில் என்னவாயிற்று என்று பார்த்தால் வேடிக்கை. 'பொந்த்ர்' என்ற வினையாகி, முட்டையிடுவது என்ற ஒரே வேலையோடு கோழிக் கூண்டில் ஒடுங்கிவிட்டது. தமிழில் 'இடு' என்பது வைப்பதற்கும் முட்டையிடுவதற்கும் சேர்த்தே ஊழியம் செய்கிறது. பிரெஞ்சில் முதல் வேலையை வேறு வினைகள் எடுத்துக்கொண்டன. ஆகவே நம் சொல் தாய்வீட்டிலிருந்து நேராக வரவில்லை. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, இத்தாலியிலிருந்து, இரண்டு தடவையாக வந்தது.

முதல் தடவை குதிரையில் வந்தது. வழி நெடுகக் குறிப்பிட்ட தொலைவுக்கு ஓரிடத்தில் குதிரைகளை நிறுத்திவைத்து, அரசனின் தூதன் களைத்த குதிரையை விட்டுப் புதிய குதிரையில் ஏறிப் போவதற்கு இத்தாலியர்கள் செய்திருந்த ஏற்பாட்டில், அந்த நிறுத்திவைத்த இடம் 'போஸ்தா'. பதினோராம் லூயி 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதைப் பிரான்சில் அமைத்தான். 1464இல் அவன் பிறப்பித்ததாகச் சொல்லப்படும் ஆணை உண்மையானதுதானா என்று வரலாற்றாசிரியர்கள் ஐயப்படுகிறார்கள். ஆனால் அவன் ஆட்சி முடிவதற்குள் குதிரை லாயங்களும் லா போஸ்த் என்ற பெயரும் நிலைத்துவிட்டன. இடத்தின் பெயர் அந்த வழியாகப் போன தூதனுக்கும், பிறகு அவன் சுமந்த கடிதங்களுக்கும், கடைசியில் கடிதம் கொண்டுபோகும் துறைக்கும் ஆயிற்று.

இரண்டாம் தடவை படையோடு வந்தது. 1494இல் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் நுழைந்ததிலிருந்து 1559 வரை நடந்த போர்களில் பிரெஞ்சுப் படைகள் நிலத்தைப் பெரிதாகப் பிடித்துத் தரவில்லை. சொற்களைத்தான் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தன. சிப்பாய், கார்ப்பரல், கர்னல், காலாட்படை, குதிரைப்படை, காவலாள் ஆகியவற்றைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்கள் எல்லாம் இத்தாலியச் சரக்கு. இந்தப் படையெடுப்பைப் பார்த்துக் கடுப்பான அச்சக அறிஞர் ஆன்ரி எஸ்தியென், இத்தாலிய வாடையடிக்கும் புதுப் பிரெஞ்சைக் கேலி செய்து 1578இல் ஓர் உரையாடல் நூலே எழுதினார். பலனில்லை. சிப்பாய்க்கு ஒதுக்கிய இடம் என்ற பொருளில் 'போஸ்தோ'வும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து லெ போஸ்த் ஆகிவிட்டது. அதை விட்டு அகலக் கூடாது என்பதுதான் அந்த இடத்தின் இலக்கணம்.

இந்த இரண்டு சொற்களும் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கும் வந்து நம்மிடையே புழங்குகின்றன. போஸ்ட்மேனும் போஸ்ட் கார்டும் குதிரை லாயத்தின் வம்சம். 'அவருக்குத் திருச்சியில் போஸ்டிங்', 'செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்கள்' என்பவை சிப்பாயின் வம்சம். ஆனால் லேம்ப் போஸ்ட் இந்தக் குடும்பமே இல்லை. அது கதவு நிலையைக் குறித்த 'போஸ்திஸ்' என்ற வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. பிரெஞ்சில் அது 'போத்தோ' என்று உருமாறிவிட்டதால் அங்கே குழப்பமில்லை.

சிப்பாய் நிற்குமிடம் எப்படிக் கருவியாகும்? படிப்படியாகத்தான். 1794இல் பாரிசுக்கும் லீலுக்கும் இடையே க்ளோத் ஷாப் கட்டிய தந்தி, கம்பியில்லாத தந்திதான். கோபுரத்தின் உச்சியில் மரக் கைகளை அசைத்துச் செய்தி அனுப்புவார்கள். அடுத்த கோபுரத்தில் ஒருவர் தொலைநோக்கியில் பார்த்து அதையே திருப்பிச் செய்வார். ஒரு கோபுரத்தின் ஆள் தன் இடத்தைவிட்டு நகர்ந்தால் சங்கிலி முழுவதும் அறுந்துவிடும். காவலிடத்தின் ஒழுங்கு இங்கே செய்தியின் ஒழுங்காக மாறுகிறது. மின்தந்தி வந்தபின் அந்த இடத்தில் மேசையும் தந்தி அடிக்கும் சாவியும் மின்கலமும் சேர்ந்தன. தொலைபேசி வந்ததும் இடம் சுருங்கிச் சுவரில் மாட்டிய மரப்பெட்டியளவு ஆயிற்று. அதற்கும் பெயர் போஸ்த்தான். 'இருபத்து மூன்றாம் போஸ்த்' என்று கேட்டால் இன்றும் அலுவலகத்தில் அந்த மேசைத் தொலைபேசிக்கு இணைப்புக் கொடுப்பார்கள். அதாவது ரேடியோ பிறப்பதற்கு முன்பே, 'ஆள் இருக்குமிடம்' என்ற பொருளிலிருந்து 'அந்த இடத்திலுள்ள கருவி' என்ற பொருளுக்குச் சொல் நகர்ந்துவிட்டிருந்தது.

அந்தத் தொலைபேசியே ஒரு தடவை ஒலிபரப்பும் செய்தது. 1881இல் பாரிசில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் க்ளெமாங் அதேர் ஆப்பெரா மேடையிலிருந்து கம்பி இழுத்துப் பார்வையாளர்களின் காதில் பாட்டைச் சேர்த்தார். அது பின்னர் சந்தா கட்டிக் கேட்கும் சேவையாகி, 'தெயாத்ரோஃபோன்' என்று பெயர் பெற்றது. மார்செல் ப்ரூஸ்த் 1911இல் சந்தாதாரர் ஆனார். படுக்கையை விட்டு எழாமல் தெபுசியின் இசைநாடகத்தைக் கேட்டார்.

கம்பியில்லாத் தந்தி வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் தே-எஸ்-எஃப். 'கம்பியில்லாத தந்தி' என்பதன் முதலெழுத்துகள். உள்ளதை வைத்துப் பெயரிடாமல் இல்லாததை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். 1898 நவம்பரில் எழேன் துக்ரெத்தே ஐஃபல் கோபுரத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள பாந்தியோனுக்குச் செய்தி அனுப்பினார். 1899 மார்ச்சில் மார்கோனி ஆங்கிலக் கால்வாயின் பிரெஞ்சுக் கரையிலுள்ள விம்ரோவிலிருந்து ஆங்கிலக் கரைக்கு அனுப்பினார். அலையை உணரும் குழாயைக் கண்டறிந்தவர் எதுவார் பிரான்லி என்பதால் அவருக்கு ஒரு மரியாதைச் செய்தியும் போனது. அடுத்து வந்தவர் ராணுவப் பொறியாளர் குஸ்தாவ் ஃபெரியே. கட்டிய இருபது ஆண்டில் பிரித்துவிட வேண்டிய ஐஃபல் கோபுரம் தப்பியதில் அதை ராணுவத்தின் அலைக்கம்பமாக மாற்றிய அவருக்குப் பெரும் பங்குண்டு.

ராணுவம் என்ற இந்த இடத்தில்தான் சொல்லின் முடிச்சு இருக்கிறது என்று நினைக்கிறேன். கம்பியில்லாத் தந்தியைப் பிரான்சில் வளர்த்தவர்கள் படைவீரர்கள். அவர்களுக்கு ஆளும் கருவியும் வேலையும் சேர்ந்த இடத்துக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். அலையை அனுப்புமிடம் 'போஸ்த் எமெத்தெர்', வாங்குமிடம் 'போஸ்த் ரெசெப்தெர்'. அக்காலத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒரே மேசைதான். பதுங்குகுழியில் தலையில் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சிப்பாய்க்குத் தன் இடம் எங்கே முடிகிறது, கருவி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை வந்திருக்காது. 1915 முதல் ஃபெரியேயின் மேற்பார்வையில் தயாரான 'தே-எம்' வெற்றிடக் குழாய் ஒரு லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. போர் முடிந்ததும் அந்தக் குழாய்களும், அவற்றைக் கையாளக் கற்ற இளைஞர்களும், அவர்கள் பேசிய சொல்லும் ஊர் திரும்பின.

1920களின் தொடக்கத்தில் பேச்சும் பாட்டும் அலையில் ஏறின. 1921இல் ஐஃபல் கோபுரம் ஒலிபரப்பத் தொடங்கியது. 1922 நவம்பரில் எமில் ஜிரார்தோவின் நிறுவனம் ரேடியோலா என்ற முதல் தனியார் நிலையத்தை ஆரம்பித்தது. தான் விற்கும் பெட்டிகளின் பெயரையே நிலையத்துக்கும் வைத்தது. பெட்டி விற்க வேண்டுமே. இந்த நாட்களில் போஸ்த் என்ற சொல் இரண்டு முனையிலும் நின்றது. ஒரு நாளிதழ் நடத்திய நிலையம் 'போஸ்த் பரிசியாங்'. 1931இல் காலனிக் கண்காட்சியை ஒட்டி வெளிநாடுகளுக்குச் சிற்றலையில் பேசத் தொடங்கியது 'போஸ்த் கொலோனியால்'. மறுமுனையில் ஒரு பள்ளிப் பையன் சிகரெட் பெட்டியளவு பலகையில் செய்துகொண்டதும் போஸ்த்தான்.

அந்தப் பையனின் கருவியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 'போஸ்த் ஆ கலேன்' என்று பெயர். கலேன் என்பது ஈயமும் கந்தகமும் சேர்ந்த, சாம்பல் நிறத்தில் மின்னும் கனிமம். அட்டை உருளையில் சுற்றிய செம்புக் கம்பி, ஒரு துண்டு கலேன், அதைத் தொட ஒரு மெல்லிய சுருள் ஊசி, காதில் மாட்ட ஒரு கருவி, ஜன்னலுக்கு வெளியே நீட்டிய நீண்ட கம்பி. மின்கலமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கல்லின் முகத்தில் ஒலி பிடிக்கும் புள்ளி சில இடங்களில்தான் இருக்கும். ஊசிமுனையால் தடவித் தடவி அதைத் தேட வேண்டும். அதனால் ஊசிக்கு 'ஷெர்ஷெர்', தேடுபவன், என்று பெயர். கிடைத்தபின் மேசையை யாராவது தட்டினால் போயிற்று. வீட்டில் அனைவரையும் அசையாமல் உட்காரவைத்த இந்தக் கருவிக்குக் காவலிடத்தின் பெயர் பொருந்தாமல் இல்லை.

பிறகு பாதை பிரிந்தது. ஐரோப்பியப் பிரெஞ்சில் அனுப்பும் முனை 'ஸ்தசியோன்' என்ற பெயரை வாங்கிக்கொண்டு, போஸ்த்தைக் கேட்பவரின் பெட்டிக்கு விட்டுக்கொடுத்தது. கியூபெக்கில் நேர் எதிராக நடந்தது. மான்ட்ரியாலில் 'லா ப்ரெஸ்' நாளிதழ் 1922இல் தொடங்கிய சி.கே.ஏ.சி. வடஅமெரிக்காவின் முதல் பிரெஞ்சு நிலையம். அங்கே மக்கள் நிலையத்தையே போஸ்த் என்றார்கள், இன்றும் சொல்கிறார்கள். கியூபெக்கில் ஒருவர் 'போஸ்த்தை மாற்று' என்றால் அலைவரிசையை மாற்ற வேண்டும். பாரிசுக்காரர் காதில் அதே வாக்கியம் பெட்டியைத் தூக்கிப்போட்டு வேறு வாங்கு என்று விழும், அல்லது வேலையை மாற்றிக்கொள் என்று. ஒரே கருவியாக இருந்து இரண்டாகப் பிரிந்த ஒன்றின் பெயரில் ஆளுக்கொரு பாதியை அட்லாண்டிக்கின் இரு கரைகளும் எடுத்துக்கொண்டன.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பிரான்சில் வானொலி தபால்துறையின் கையில்தானே இருந்தது, போஸ்த் என்ற பெயர் அங்கிருந்து வந்ததாக ஏன் இருக்கக் கூடாது? சான்றுகள் ஆசை காட்டத்தான் செய்கின்றன. தபால், தந்தி, தொலைபேசி மூன்றும் அப்போது ஒரே அமைச்சகம். 1923ஆம் ஆண்டுச் சட்டம் தந்தி மீதிருந்த அரசின் ஏகபோகத்தை வானொலிக்கும் நீட்டியது. 1933 மே மாதச் சட்டம் வானொலிப் பெட்டிக்கு ஆண்டுக் கட்டணம் விதித்தது. பெட்டி வைத்திருந்தவர் தபால் நிலையத்துக்குப் போய் அறிவிக்க வேண்டியிருந்தது. லெ போஸ்த்துக்கான காசை லா போஸ்த்தில் கட்ட வேண்டியிருந்தது. தொலைக்காட்சிகூட இந்தக் கூரையின் கீழ்தான் பிறந்தது. 1935 ஏப்ரலில், தபால்துறை அமைச்சர் ஜார்ஜ் மாந்தெல் காலத்தில், க்ரெனெல் தெருவிலுள்ள அமைச்சகக் கட்டடத்திலிருந்து 60 வரிகள் கொண்ட மங்கலான முதல் அதிகாரபூர்வப் படம் ஒளிபரப்பானது.

ஆனாலும் பால் விட்டுக்கொடுக்கவில்லை. தபாலிலிருந்து வந்திருந்தால் சொல் பெண்பாலாக இருந்திருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் எவரும் வானொலிப் பெட்டியை லா போஸ்த் என்று சொன்னதில்லை. தவிர, அமைச்சகம் கட்டணம் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே ராணுவ மேசையில் லெ போஸ்த் உட்கார்ந்திருந்தது. ஒன்றுவிட்ட சகோதரனும் சகோதரியும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள், அவ்வளவுதான்.

1930களில் மின்சாரத்தில் ஓடும் பெட்டிகள் வந்தபோது சொல் தன் பழைய பொருளுக்கே திரும்பியது போலாயிற்று. வழவழப்பான மரப் பெட்டி, துணி போர்த்திய ஒலிபெருக்கி, உள்ளிருந்து வெளிச்சம் படும் கண்ணாடித் தகடு. தகட்டில் எண்களோடு ஊர்ப் பெயர்களும் இருக்கும்: ஹில்வர்சம், பெரோமூன்ஸ்டர், சொத்தான், டிராய்ட்விச், லக்சம்பர்க். பெரும்பாலான கேட்போர் அந்த ஊர்களை அந்தக் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருப்பார்கள். குமிழைத் திருகத் திருகச் சிவப்பு முள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நகரும். விலையுயர்ந்த பெட்டிகளில் 'மந்திரக் கண்' என்ற பச்சை விளக்கு உண்டு. நிலையம் சரியாகப் பிடிபட்டதும் அதன் இருண்ட இடைவெளி ஒடுங்கும். அலமாரியின் மேல் அசையாமல் இருக்கும் ஒரு போஸ்த்திலிருந்து மற்ற போஸ்த்துகளை எட்டிப் பார்க்கும் ஏற்பாடு அது.

காவலிடம் என்றால் அதைக் கைப்பற்றவும் வருவார்கள். பிரான்சை ஆக்கிரமித்த ஜெர்மானியர்கள் 1941 ஆகஸ்டில் யூதர்கள் வானொலிப் பெட்டி வைத்திருக்கக் கூடாது என்று ஆணையிட்டார்கள். அவர்கள் பெட்டிகளை அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 1944 வசந்தத்தில், நேச நாட்டுப் படை எங்கே இறங்கும் என்ற பதற்றத்தில், நார்மண்டிக் கரையோர மக்களின் பெட்டிகளும் பறிபோயின. லண்டனிலிருந்து வந்த பிரெஞ்சுக் குரலைத் தடுக்க இரைச்சல் அலையை ஏவியும் முடியாதபோது, குரல் வந்து இறங்குமிடத்தையே பிடுங்கினார்கள்.

பிரான்சின் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில் இந்தக் கதையின் மறுபக்கத்தை மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரான்ஸ் ஃபனோன் 1959இல் எழுதினார். ரேடியோ-அல்ஜே காலனிக்காரர்கள் காலனிக்காரர்களோடு பேசிக்கொள்ளும் குரலாக இருந்தவரை, வாங்க வசதியிருந்த அல்ஜீரியக் குடும்பங்களும் பெட்டியை வீட்டுக்குள் விடவில்லை என்கிறார். 1956 இறுதியில் விடுதலை இயக்கத்தின் வானொலி பேசத் தொடங்கியதும் அதே பெட்டிகள் கடைகளில் தீர்ந்துபோயின. இரைச்சலுக்கிடையே அரைகுறையாகக் கேட்ட சொற்களை அறையில் இருந்தவர்கள் சேர்ந்து இட்டு நிரப்பியதை அவர் விவரிக்கும் பகுதி, வானொலியைப் பற்றி எந்த மொழியிலும் எழுதப்பட்ட மிக நல்ல பக்கங்களில் ஒன்று என்பது என் எண்ணம்.

போஸ்த்தின் சரிவும் ஒரு வகையில் அல்ஜீரியாவில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. டிரான்சிஸ்டர் என்ற பெயர் 1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவானது. கடத்துதல், மின்தடை என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்தார்கள். 1954இல் அமெரிக்காவில் சட்டைப்பை ரேடியோ விற்பனைக்கு வந்தது. பிரெஞ்சில் முதலில் 'போஸ்த் ஆ திரான்சிஸ்தோர்' என்றார்கள். விரைவிலேயே போஸ்த் உதிர்ந்து, உள்ளிருக்கும் உதிரிப்பாகத்தின் பெயரே கருவிக்கு ஆகிவிட்டது. 1961 ஏப்ரலில் அல்ஜியர்சில் நான்கு தளபதிகள் கலகம் செய்தார்கள். 23ஆம் தேதி இரவு பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தெகோல் ஆற்றிய உரையைக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்த இளைஞர்கள் பாசறைகளில் கையடக்க ரேடியோக்களில் கேட்டார்கள். தளபதிகளுக்குக் கீழ்ப்படிய மறுத்தார்கள். சில நாட்களில் கலகம் பிசுபிசுத்தது. பத்திரிகைகள் அதை டிரான்சிஸ்டர்களின் வெற்றி என்றன. சிப்பாயை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் சொல்லாக இத்தாலியிலிருந்து வந்தது போஸ்த். சிப்பாயின் பையில் ஏறிக்கொண்ட கருவிக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை.

'ரேடியோ' என்ற பெயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதிரையும் சக்கரத்தின் ஆரக்காலையும் குறித்த லத்தீன் 'ராதியுஸ்' அதன் வேர். பல நீண்ட கூட்டுச்சொற்களின் தலை மட்டும் தங்கிய மிச்சம் அது. 'தெலெவிசியோன்' இன்னும் செயற்கையானது. 1900இல் பாரிசில் நடந்த மின்சார மாநாட்டில் ரஷ்யரான கொன்ஸ்தாந்தின் பெர்ஸ்கி பிரெஞ்சில் வாசித்த கட்டுரைக்காக, கிரேக்கத் தலையை லத்தீன் உடலில் ஒட்டி எழுந்தது. இரண்டுமே கருவி செய்யும் வேலையைச் சொல்கின்றன. ஆய்வகத்திலிருந்து உலகம் முழுவதற்கும் பரவியவை என்பதால் எந்த நாட்டின் வீட்டையும் அவை காட்டுவதில்லை.

கட்டணம் வானொலிக்கு 1980இலும் தொலைக்காட்சிக்கு 2022இலும் ஒழிந்தது. லக்சம்பர்க்கின் நெட்டலை 2023 தொடக்கத்தில் அணைக்கப்பட்டதோடு பிரான்சை நோக்கிய பெரிய நெட்டலை நிலையங்களின் காலம் முடிந்தது. இப்போது பிரெஞ்சுக் கூடங்களில் அந்த இடத்தில் இருப்பது, கேட்டால் பதில் சொல்லும் உருளை வடிவ ஒலிபெருக்கி. அதற்குப் பெயர் 'ஆன்சேந்த் கொனெக்தே'. ஆன்சேந்த் என்றால் சுற்றி அடைத்த இடம். ஊரைச் சூழ்ந்த கோட்டை மதிலுக்குப் பழைய பிரெஞ்சு நூல்களில் வரும் சொல் இதுதான். அது பிறகு ஒலிபெருக்கியை அடைத்துவைக்கும் பெட்டிக்கு ஆகி, இணையத்தோடு இணைந்த கருவிக்கும் ஆயிற்று. சிப்பாயின் சாவடியை அடுத்துக் கோட்டைச் சுவரும் பிரெஞ்சுக்காரர்களின் அலமாரியில் ஏறியிருக்கிறது.